சக நடுவர் தவறாகத் தீர்ப்புச் சொன்னால் நாம் திருத்தலாமா?

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்; இதைப் படிக்கும் மற்ற நடுவர்களுக்கும் விளங்க வேண்டும். மண்டபம் ஊர்ப் பக்கம் நடந்த இரவு வாலிபால் போட்டியில் நீங்கள் இரண்டாம் நடுவர்; மேடையில் நிற்கும் முதல் நடுவருக்கு எதிரே, வலைக் கம்பத்தின் அருகே தரையில் நின்றீர்கள். பந்து உங்கள் இடக்கைப் பக்கம், வலையிலிருந்து நான்கு மீட்டர் தள்ளி, பக்கக்கோட்டுக்கு வெளியே விழுந்தது. கோட்டு நடுவர் கொடியைத் தாழ்த்தி ‘உள்ளே’ என்று காட்டினார். முதல் நடுவர் அதை ஏற்றுப் பாயின்ட் கொடுத்துவிட்டார். நீங்கள் பேசாமல் நின்றீர்கள். போட்டி முடிந்ததும் மூத்தவர் ஒருவர், ‘சக நடுவரின் தீர்ப்பில் கை வைக்கக் கூடாது, நமக்குள் ஒற்றுமை போய்விடும்’ என்றாராம். இன்னொருவர், ‘கண்ணால் பார்த்ததை மறைத்தது பாவம்’ என்றாராம். இருவரில் யார் சொன்னது சரி என்று கேட்கிறீர்கள்.

இரண்டாமவர் சொன்னதுதான் சரி. ஆனால் முதலாமவர் பயப்படுவதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. அதையும் சேர்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும்.

பார்த்ததைச் சொல்வது வேறு, தீர்ப்பை மாற்றுவது வேறு. வாலிபாலில் மாற்றும் அதிகாரம் ஒரே ஒருவருக்குத்தான் உண்டு. மேடையில் நிற்கும் முதல் நடுவர், மற்ற நடுவர்கள் தவறியதாகக் கண்டால் அவர்கள் முடிவை மாற்றலாம் என்று சர்வதேச விதிப்புத்தகம் வெளிப்படையாகவே சொல்கிறது. கடமையைச் சரியாகச் செய்யாத நடுவரை மாற்றக்கூட அவருக்கு உரிமை இருக்கிறது. இரண்டாம் நடுவருக்கு அந்த உரிமை கிடையாது. ஆனால் அவருக்கு என்று ஒரு வரி அதே புத்தகத்தில் இருக்கிறது: தன் வரம்புக்கு வெளியே நடந்த தவறையும் விசில் ஊதாமல் சைகையால் காட்டலாம், ஆனால் அதை ஏற்றே ஆக வேண்டும் என்று முதல் நடுவரை வற்புறுத்தக் கூடாது. நம் பக்கத்து நடுவர்கள் பலர் இந்த வரியின் பின்பாதியை மட்டும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். ‘வற்புறுத்தக் கூடாது’ என்பதை ‘வாயே திறக்கக் கூடாது’ என்று எடுத்துக்கொண்டார்கள். உங்கள் மூத்தவர் சொன்னதும் அங்கிருந்து வந்ததுதான்.

உங்கள் ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். நம் கடற்கரை ஊர்களில் நான்கு கோட்டு நடுவர்கள் கிடைப்பது அரிது, இரண்டு பேர்தான். இரண்டு பேர் என்றால், முதல் நடுவரின் வலக்கைப் பக்க மூலையில் ஒருவர், இரண்டாம் நடுவரின் வலக்கைப் பக்க மூலையில் ஒருவர் என்று குறுக்காக நிற்க வேண்டும். ஆளுக்கு ஒரு கடைக்கோடு, ஒரு பக்கக்கோடு. ஆடுகளத்தின் நீளம் 18 மீட்டர். உங்கள் பக்கக்கோட்டைப் பார்க்க வேண்டியவர் உங்கள் வலக்கைப் பக்க மூலையில் நின்றிருப்பார். பந்து விழுந்ததோ இடப்பக்கம். அவருக்கும் பந்துக்கும் நடுவே பதினான்கு மீட்டருக்குக் குறையாது. இடையில் வலைக் கம்பமும் உங்கள் உடம்பும் வேறு. உங்களுக்கும் பந்துக்கும் நான்கு மீட்டர். யார் பார்வையை நம்ப வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன கணக்கு வேண்டும்? யார் மூத்தவர், யார் கையில் விசில் என்பதெல்லாம் அப்புறம். பந்து விழுந்த இடத்துக்கு யார் கிட்டே, கோட்டுக்கு நேராக யார் கண் என்பதை முதலில் கேட்க வேண்டும்.

ஆகவே நீங்கள் செய்திருக்க வேண்டியது இவ்வளவுதான். முதல் நடுவரின் கண்ணைப் பிடித்து, இரண்டு முன்கைகளையும் செங்குத்தாக உயர்த்தி, உள்ளங்கைகள் உங்களைப் பார்க்க, ‘வெளியே’ என்று நெஞ்சுக்கு முன்னால் அடக்கமாகக் காட்ட வேண்டும். அவர் ஏற்றால் மாற்றுவார். ஏற்காவிட்டால் கையை இறக்கிவிட்டு அடுத்த சர்வீசுக்குத் தயாராக வேண்டும். இரண்டு விநாடி வேலை. கூட்டத்தில் பாதிப் பேருக்கு நடந்ததே தெரியாது. ஒற்றுமைக்கு இதில் என்ன கேடு வந்தது?

நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் வயதில் நானும் அப்படி நின்றவன்.

தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் இடையில் ஒரு கடற்கரை ஊர். மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் கிடக்கும் அந்த 61 நாட்களில்தான் நம் பக்கம் போட்டிகள் நெருக்கமாக நடக்கும். ஆட வேண்டியவர்கள் எல்லாரும் அப்போதுதான் கரையில் இருப்பார்கள். இறுதிப் போட்டி ஐந்தாவது செட்டுக்குப் போய்விட்டது. 13–13. நான் இரண்டாம் நடுவர். எனக்கு விசில் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவரே மேடையில் முதல் நடுவர்.

நான்காம் இடத்திலிருந்து, அதாவது வலையோரம் இடது ஓரத்திலிருந்து, ஒருவர் ஓங்கி அடித்தார். பிளாக்குக்கு, அதாவது வலைக்கு மேலே கை நீட்டிப் பந்தைத் தடுக்க, இரண்டு பேர் எழும்பினார்கள். நான் கம்பத்துக்குப் பின்னால், பிளாக் போட்ட அணியின் பக்கம் நின்றேன். பிளாக்கில் பந்து பட்டதா என்று பார்க்க வேண்டுமானால் பந்தைப் பார்க்கக் கூடாது. விரலைப் பார்க்க வேண்டும். பந்து அத்தனை வேகத்தில் போகும்போது கண் ஏமாறும், விரல் ஏமாற்றாது. உள்பக்கம் எழும்பியவரின் நடுவிரல் பின்னால் வளைந்து திரும்பியதை நான் பார்த்தேன். பந்தின் சுழற்சியும் அந்த இடத்தில் மாறியது. பந்து கடைக்கோட்டைத் தாண்டி மண்ணில் விழ, கோட்டு நடுவர் கொடியை உயர்த்தினார். முதல் நடுவர் ‘வெளியே’ என்று காட்டிப் பிளாக் போட்ட அணிக்குப் பாயின்ட் கொடுத்தார். 14–13.

பிளாக்கில் பட்டது என்பதற்கு ஒரு கையை நிமிர்த்தி அதன் விரல்களை மற்றக் கையின் உள்ளங்கையால் தடவிக் காட்ட வேண்டும். என் கை இடுப்பு அளவுக்கு வந்தது. அதற்கு மேல் எழவில்லை. குருவை ஊரறியத் திருத்துவதா என்று மனம் தடுத்தது. அடித்தவர் என்னைத்தான் பார்த்தார். நான் பார்வையைத் திருப்பி எதிர்ப்பக்கத்து ஆட்டக்காரர்கள் நிற்கும் வரிசையைச் சரிபார்ப்பது போல நின்றேன். அடுத்த பந்திலேயே ஆட்டம் முடிந்துவிட்டது, 15–13.

இரவு பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது டீக்கடைக்கு அந்தப் பந்தை அடித்தவர் வந்தார். சண்டைக்கு வரவில்லை. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே, ‘அண்ணே, விரலில் பட்டதா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கள்’ என்று கேட்டார். ‘பட்டது’ என்றேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, ‘மேலே நின்றவருக்குத் தெரியாமல் போயிருக்கலாம், அது தப்பில்லை. உங்களுக்குத் தெரிந்ததே’ என்று சொல்லிவிட்டு, எனக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டுப் போனார்.

என் குருவிடம் மறுநாள் போய்ச் சொன்னேன். அவர் கோபப்பட்டார். நான் நினைத்த காரணத்துக்காக இல்லை. ‘என் கண்ணுக்கு எட்டாத இடத்தைப் பார்க்கத்தானே உன்னை அங்கே நிறுத்தினேன்? நீ எனக்குக் கொடுத்தது மரியாதை என்றா நினைத்தாய்?’ என்றார். அதற்குப் பிறகு நான் இரண்டாம் நடுவராக நின்ற ஒரு போட்டியிலும் பார்த்ததைக் காட்டாமல் விட்டதில்லை.

இனி மறுபக்கம். திருத்துவது நல்லது என்றதும் எல்லாவற்றையும் திருத்தக் கிளம்பிவிடக் கூடாது. நடுவர் பணியில் நான் செய்த இன்னொரு பிழை அந்த வகையைச் சேர்ந்தது. சாயல்குடிப் பக்கம் ஒரு மணல் திடல். கோட்டுக்குச் சுண்ணாம்பு போட்டால் காற்று அடித்துக்கொண்டு போய்விடும் என்று கயிறு கட்டியிருந்தார்கள். நான் மேடையில். கோட்டு நடுவராக நின்றது பத்தாம் வகுப்புப் படிக்கும் உள்ளூர்ப் பையன். கொடி கிடைக்காமல் குச்சியில் சிவப்புத் துணி கட்டிக் கொடுத்திருந்தார்கள். எதிர்மூலையில் விழுந்த பந்துக்கு அவன் ‘உள்ளே’ காட்டினான். எனக்கு வெளியே விழுந்தது போலத் தோன்றியது. மாற்றிவிட்டேன். மேடையிலிருந்து எதிர்மூலை ஏறக்குறைய பதின்மூன்று மீட்டர் இருக்கும். அவனோ அந்த மூலையிலிருந்து இரண்டு எட்டுத் தூரத்தில், கோட்டுக்கு நேராகக் குனிந்து நின்றான். செட் முடிந்து பக்கம் மாறும்போது போய்ப் பார்த்தேன். கயிறு அந்த இடத்தில் ஒரு விரல் ஆழம் மணலுக்குள் புதைந்திருந்தது. பந்து கயிற்றின் மேலேதான் விழுந்திருக்கிறது. கோட்டைத் தொட்டாலே பந்து உள்ளே.

அந்தப் பாயின்டைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று நேர்ந்தது. அந்தப் பையன் அதற்குப் பிறகு ஒவ்வொரு பந்துக்கும் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கொடி காட்டினான். அவன் கண் எனக்குப் பயன்படாமல் போய்விட்டது. மீதி ஆட்டம் முழுவதும் நான் கோட்டு நடுவர் இல்லாமல் நடத்தியதற்குச் சமம். சக நடுவரைத் தவறாகத் திருத்தினால் வரும் சேதம் இது. உங்கள் மூத்தவர் ஒற்றுமை என்ற சொல்லால் சொல்ல வந்தது இதைத்தான் என்று நினைக்கிறேன். அதில் எனக்கு அவரோடு கருத்து வேறுபாடு இல்லை.

‘தோன்றியது’ என்பதற்கும் ‘பார்த்தேன்’ என்பதற்கும் உள்ள தூரத்தை ஒவ்வொரு முறையும் தன்னிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். டென்னிஸில் இதை விதியாகவே வைத்திருக்கிறார்கள். நாற்காலி நடுவர் கோட்டு நடுவரின் தீர்ப்பை மாற்றலாம். ஆனால் தவறு ஐயத்துக்கு இடமில்லாமல் தெளிவாக இருக்க வேண்டும், மாற்றுவதும் உடனே நடக்க வேண்டும். ஆட்டக்காரர் முறையிட்ட பிறகோ, கூட்டம் கூச்சல் போட்ட பிறகோ மாற்றுவதற்கு இடமில்லை. இந்த ‘உடனே’ மிக முக்கியம். கூச்சலுக்கு அப்புறம் வரும் திருத்தம் உண்மையாகவே இருந்தாலும், கூச்சலுக்குப் பணிந்ததாகத்தான் ஊர் பேசும். வாலிபாலில் அடுத்த சர்வீசுக்கு விசில் ஊதுவதற்குள் முடித்துவிட வேண்டும். கால்பந்திலும் ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டால் அந்த முடிவை நடுவர் மாற்ற முடியாது.

விளையாட்டுக்கு விளையாட்டு அதிகாரம் மாறும் என்பதையும் மறக்காதீர்கள். நீங்கள் உடற்கல்வி படித்தவர், நாளைக்குக் கூடைப்பந்துக்கும் கூப்பிடுவார்கள். அங்கே போய் வாலிபால் வழக்கத்தைக் காட்ட முடியாது. ஒவ்வொரு நடுவரும் தன் பணி எல்லைக்குள் முடிவெடுக்கலாம். மற்றவர் எடுத்த முடிவைப் புறக்கணிக்கவோ கேள்வி கேட்கவோ அதிகாரமில்லை என்பது கூடைப்பந்து விதி. அங்கேயும் கலந்து பேச வழி இருக்கிறது; நடுவர்களுக்குள் ஒத்துப்போகாதபோது தலைமை நடுவர் முடிவு சொல்வார். ஆனால் சக நடுவர் ஊதிய ஃபவுலை நீங்கள் கையசைத்து ரத்துச் செய்வது என்பது அங்கே கிடையவே கிடையாது.

கிரிக்கெட்டில் இது இன்னும் அழகாக எழுதப்பட்டிருக்கிறது. ஸ்டம்பிங், ஹிட் விக்கெட், தன் முனையில் நடக்கும் ரன் அவுட் ஆகியவை ஸ்கொயர் லெக் பக்கம் நிற்கும் அம்பயருடையவை. மற்ற முறையீடுகள் பந்துவீச்சு முனை அம்பயருக்கு. யாருடைய முடிவோ அவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் தனக்கு ஐயம் வந்து, மற்றவர் நன்றாகப் பார்த்திருக்கக்கூடும் என்றால் அவரைக் கேட்டே ஆக வேண்டும். கேட்ட பிறகும் ஐயம் தீரவில்லை என்றால் அவுட் இல்லை. நம் கடற்கரையில் டென்னிஸ் பந்தில் ஆடும் பையன்கள்கூட, தரையில் பட்டு வந்த கேட்ச் என்றால் இரண்டு அம்பயர்களும் கூடிப் பேசுவதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

கபடியில் நிலைமை கொஞ்சம் வேறு. அங்கே பொதுவாக அம்பயர்கள் சொல்வதே முடிவு. இரண்டு அம்பயர்களும் ஒத்துப்போகாதபோதும், சிறப்பான சூழ்நிலையிலும்தான் ரெஃப்ரி உள்ளே வருவார். பாடிப் போனவரை நான்கு பேர் மடக்கி நடுக்கோட்டுக்கு அருகே குவியலாக விழுந்து கிடக்கும்போது, ஒரு பக்கத்து அம்பயருக்கு முதுகுகள் மட்டும்தான் தெரியும். மறுபக்கத்தவருக்குக் கோட்டைத் தொட்ட விரல் நுனி தெரியும். முதுகைப் பார்த்தவர் கையை உயர்த்தாமல் இருந்தாலே பாதித் தகராறு வராது. நான் கபடிக்கு நின்றபோதெல்லாம் முன்கூட்டியே அப்படித்தான் பேசிவைத்துக்கொண்டேன்.

உலகமே பார்த்த எடுத்துக்காட்டு ஒன்றும் உண்டு. 1986 ஜூன் 22, மெக்சிகோ நகரின் அஸ்டெகா மைதானம், உலகக் கோப்பைக் கால்பந்துக் காலிறுதி. இங்கிலாந்துக்கு எதிராக அர்ஜென்டினாவின் மாரடோனா பந்தைக் கையால் தட்டி வலைக்குள் அனுப்பினார். நடுவர் டுனீசியாக்காரர், கோட்டு நடுவர் பல்கேரியாக்காரர். கோட்டு நடுவரிடமிருந்து மறுக்கும் சைகை எதுவும் எழவில்லை. கோல் நின்றது, அர்ஜென்டினா 2–1 என்று வென்றது. நடுவர், கோட்டு நடுவர் இருவருமே அதற்குப் பிறகு வாழ்நாள் முழுவதும் அந்த ஒரு கணத்துக்குப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. யார் கண்ணில் என்ன பட்டது என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. இரண்டு நடுவர்களுக்கு நடுவே சொல்ல வேண்டிய செய்தி போய்ச் சேராவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சொன்னேன்.

இன்னொன்று இருக்கிறது. இதுவரை சொன்னது எல்லாம் கண் பார்வை சம்பந்தப்பட்டது. விதியையே ஒருவர் தவறாகப் பயன்படுத்தினால் அங்கே தயங்கவே வேண்டாம். சர்வீஸ் பந்து வலையில் உரசி எதிர்ப்பக்கம் விழுந்தால் அது செல்லும் என்று விதி மாறி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. நம் பக்கம் பழைய ஆட்டக்காரர் ஒருவர் விசிலோடு மேடை ஏறினால் இன்னும் பழக்கதோஷத்தில் அதற்கு ஊதிவிடுகிறார். இதில் கிட்டே, தூரம் என்ற கணக்கு இல்லை. ஸ்கோரர் உட்பட யாருக்குத் தெரிந்தாலும் உடனே சொல்ல வேண்டும். சுற்றுமுறைத் தவறும் அப்படித்தான். சர்வீஸ் போட வேண்டியவர் மாறிப் போட்டுவிட்டு, சில பாயின்ட் கழித்து அது தெரிய வந்தால், தவறு எப்போது தொடங்கியது என்று ஸ்கோரர் கண்டுபிடிக்க வேண்டும். அதிலிருந்து தவறிய அணி எடுத்த பாயின்ட்கள் ரத்தாகும், எதிரணியுடையவை நிற்கும். இங்கே காலம் கடந்தும் திருத்த விதியே இடம் கொடுக்கிறது. பார்வையில் வந்த பிழைக்கு அந்த இடம் இல்லை. அதனால்தான் அங்கே அந்த இரண்டு விநாடிக்கு அத்தனை மதிப்பு.

எப்படிக் கேட்பது என்பதும் பெரிய விஷயம். நீங்கள் முதல் நடுவராக நிற்கும் நாளில், கோட்டு நடுவர் காட்டியதில் ஐயம் வந்தால் அவரைக் கிட்டே அழையுங்கள். ‘ஏன் அப்படிக் காட்டினாய்?’ என்று கேட்காதீர்கள். அது குற்றம் சாட்டுவது. ‘என்ன பார்த்தாய்?’ என்று கேளுங்கள். பதில் ‘கோட்டில் பட்டுச் சுண்ணாம்பு தெறித்தது’ என்று வந்தால் அவன் பார்த்திருக்கிறான், விட்டுவிடுங்கள். ‘வெளியே போன மாதிரி...’ என்று இழுத்தால் அவன் பார்க்கவில்லை. கேப்டனைக் கூடவே வரவிடாதீர்கள். கேப்டனுக்கு விளக்கம் கேட்க உரிமை உண்டு, விதியை எப்படிப் பயன்படுத்தினோம் என்பதற்கு. நடுவர்களின் பேச்சில் கலந்துகொள்ள உரிமை இல்லை. கூட்டம் பெரிது, உள்ளூர் அணி ஆடுகிறது, கோட்டு நடுவரும் அதே ஊர்ப் பையன் என்றால் இன்னும் கவனம் வேண்டும். அவன் நாளைக்கும் அந்தத் தெருவில்தான் நடக்க வேண்டும். திருத்தினால் முடிவு உங்களுடையது என்று தெரியும்படி நீங்களே தெளிவாகச் சைகை காட்டுங்கள். பழி அவன் தலையில் விழக் கூடாது.

ஆட்டத்துக்கு முன்னால் ஐந்து நிமிடம் நடுவர்கள் எல்லாரும் ஒன்றாக நின்று பேசாமல் நான் விசில் எடுப்பதில்லை. யார் எந்தக் கோடு, பிளாக்கில் பட்டதை யார் பார்ப்பது, ஒவ்வொரு பந்து முடிந்ததும் யார் முகத்தை யார் பார்க்க வேண்டும், இவ்வளவும் அங்கே தீர்ந்துவிட வேண்டும். ‘நான் தவறினால் உடனே காட்டு, எனக்கு வருத்தமில்லை’ என்று முதல் நடுவர் தன் வாயால் சொல்ல வேண்டும். மூத்தவர் சொல்லாதவரை இளையவர் கை எழும்பாது. என் கை எழும்பாததை மேலே சொல்லிவிட்டேன்.

கொடி பிடிக்க வரும் பையன்களுக்கு எல்லாரும் உள்ளே, வெளியே, பட்டது என்ற மூன்றைச் சொல்லிக்கொடுத்து விட்டுவிடுகிறார்கள். நான்காவது ஒன்று உண்டு: இரண்டு கைகளையும் உயர்த்தி நெஞ்சுக்கு முன்னால் குறுக்காகப் பிடிப்பது. ‘எனக்குத் தெரியவில்லை’ என்று அர்த்தம். விதிப்புத்தகத்திலேயே இருக்கிற சைகை. சாயல்குடிக்குப் பிறகு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது அதைத்தான். போன தடைக்காலத்தில் கீழக்கரைக்குத் தெற்கே ஒரு போட்டியில், ஆட்டக்காரர் குறுக்கே விழுந்து கோட்டை மறைத்தபோது, ஒரு சிறுவன் கொஞ்சமும் தயங்காமல் கைகளைக் குறுக்கே வைத்தான். நான் இரண்டாம் நடுவரைப் பார்த்தேன். அவர் ‘வெளியே’ என்று காட்டினார். விசில் ஊதிப் பாயின்ட் கொடுத்தேன். இரண்டு அணியிலும் ஒருவரும் வாய் திறக்கவில்லை.